பொருளாதார ஆற்றலின் வரம்புக்குள்: ஊனமுற்றோர் கல்வி, வேலைவாய்ப்புக்கான இந்திய அரசு நிதியின் வரலாறு

முன்னுரை

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு, வேலை பெறும் உரிமைக்கும் கல்வி பெறும் உரிமைக்கும் வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமைக்கும் அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது. ஆயின் அரசு இதனைத் தன் பொருளாதார ஆற்றல், வளர்ச்சி ஆகியவற்றின் வரம்புக்குள் செய்தால் போதும் என்னும் ஒரு தொடரும் அவ்வுறுப்பிலேயே அமைந்துள்ளது. 45 ஆண்டுகளுக்குப் பின் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் சட்டத்தில், வேலையளிப்போர்க்கு ஊக்கத்தொகை வழங்குவது பற்றிய பிரிவில் இத்தொடர் மீண்டும் இடம்பெற்றது. அப்பிரிவின் எண்ணும் 41 என்பது தற்செயலானது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் 35ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அரசின் ஆற்றலுக்கு வரம்பு உண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அவ்வரம்பு எங்கே இடப்பட்டது, எவருக்கு எதிராக இடப்பட்டது என்பதே ஆராய்வதற்குரியது. ஊனமுற்றோரின் கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் இந்திய நடுவண் அரசு நிதி அளித்த முறையை அந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல் பற்றிய ஒரு குறிப்பு இங்குத் தேவையாகிறது. தமிழகத்தில் 2000ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல் அரசு வழக்கில் நிலைபெற்றது. இந்தியில் 'விகலாங்க்' என்பதற்கு மாற்றாகத் 'திவ்யாங்' என்னும் சொல்லை 2015இல் பிரதமர் முன்மொழிந்தார். சொற்கள் மாறிய வேகத்தில் தொகைகள் மாறவில்லை என்பது பின்னர்க் காணப்படும். பழைய சட்டங்களையும் திட்டங்களையும் பேசுமிடத்து அவை வழங்கிய சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

சமயப் பணியும் மானியமும்

இந்தியாவில் ஊனமுற்றோர்க்கான முதற்பள்ளிகளை அரசு நிறுவவில்லை. 1880களில் பம்பாயில் கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால் செவித்திறன் குறைந்தோர்க்கான பள்ளி தோன்றியது. 1887இல் ஆனி ஷார்ப் அம்மையார் அமிர்தசரசில் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரின் பார்வையற்றோர் பள்ளி தோன்றியது. அதே ஊரில் அந்நூற்றாண்டு முடிவதற்குள் சுவைன்சன் அம்மையார் செவித்திறன் குறைந்தோர்க்கான பள்ளியைத் தொடங்கினார். 1893இல் கல்கத்தாவில் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும், 1897இல் லால் பிகாரி ஷா என்பாரின் பார்வையற்றோர் பள்ளியும் உருவாயின. இறுதியிற் கூறியவை இந்தியர் முயற்சியால் தோன்றியவை என்பது குறிப்பிடத்தக்கது.

1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை வகுத்த மானிய முறை இப்பள்ளிகளுக்குப் பொருந்துவதாக இருந்தது. பள்ளியைத் தனியார் நடத்துவர். அரசு அதன் செலவில் ஒரு பகுதியைத் தரும். எத்தனைக் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே உள்ளனர் என்பது அரசின் கேள்வியாக அமையவில்லை. வியப்பு என்னவெனில், அக்கேள்விக்கான விடை அரசிடம் இருந்தது. 1872 முதல் 1931 வரை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பார்வையற்றோர், பேச்சும் செவியும் இழந்தோர், மனநோயுற்றோர், தொழுநோயாளர் ஆகியோர் தனித்தனியே எண்ணப்பட்டனர். எண்ணிய அரசு அவ்வெண்ணைக் கொண்டு நிதி ஒதுக்கவில்லை. விடுதலை பெற்ற அரசோ நெடுங்காலம் எண்ணவே இல்லை. 1951, 1961, 1971 கணக்கெடுப்புகளில் உடற்குறை பற்றிய கேள்வி இடம்பெறவில்லை. 1981இல் மூன்று வகையினரை மட்டும் கேட்டனர். 1991இல் அதுவும் கைவிடப்பட்டது. ஊனமுற்றோர் இயக்கங்களின் வற்புறுத்தலுக்குப் பின்னரே 2001இல் அக்கேள்வி மீண்டது.

போர் தந்த பொறுப்பு

பார்வையற்றோர் குறித்து அரசு நேரடிப் பொறுப்பேற்ற முதல் நிகழ்வு இரண்டாம் உலகப் போரின் விளைவாகும். போரில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்களுக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன் விடுதி நிறுவப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கிளூத்தா மெக்கன்சி. முதல் உலகப் போரில் பார்வையிழந்தவர். இந்தியாவில் பார்வையின்மை குறித்து 1944இல் வெளிவந்த அறிக்கை இவர் பெயரோடு இணைத்து வழங்கப்படுகிறது. நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் பார்வையற்றோர் இருப்பர் என அவ்வறிக்கை மதிப்பிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த சார்ஜெண்ட் அறிக்கை, ஊனமுற்றோர் கல்வி தேசியக் கல்வி முறையின் இன்றியமையாப் பகுதியாக வேண்டும் என்றது. பொதுப்பள்ளிச் செலவில் 10 விழுக்காட்டை அதற்கென ஒதுக்கவும் கருதியது. பின்வந்த எந்தத் திட்டமும் இப்பங்கினை எட்டவில்லை என்பதால், இந்தியக் கல்வி வரலாற்றில் இவ்வறிக்கை பெற்றதைவிடக் கூடுதலான கவனத்திற்கு உரியது.

1947இல் கல்வி அமைச்சகத்தில் பார்வையற்றோர்க்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. அதில் பணியேற்ற லால் அத்வானி பார்வையற்றவர். அடுத்த முப்பதாண்டுகளில் இத்துறையில் அரசு செய்தவற்றுள் பெரும்பான்மையில் அவர் பங்குண்டு. 1950 சனவரி முதல்நாள் டேராடூன் விடுதியின் பயிற்சிப் பணியை நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. அது வளர்ந்து 1979இல் தேசிய நிறுவனமாயிற்று.

இக்காலத்தில் நிதியின் பயனைப் பன்மடங்காக்கிய செயல் ஒன்று உண்டு. அது பொது பிரெயில் எழுத்துமுறை. அதுவரை இந்திய மொழிகளுக்குப் பலவகைப் பிரெயில் முறைகள் வழங்கின. பாளையங்கோட்டையில் தமிழுக்கு ஒன்று, கல்கத்தாவில் வங்கத்திற்கு வேறொன்று என்னும் நிலை இருந்தது. ஒரே புள்ளி வடிவம் ஒரு மொழியில் ஓர் ஒலியையும் மற்றொரு மொழியில் வேறோர் ஒலியையும் குறித்தது. ஒரு பள்ளிக்காக அச்சிட்ட நூல் மற்றொரு பள்ளிக்குப் பயன்படவில்லை. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே கருவியும் ஆசிரியரும் தேவைப்பட்டனர். 1951இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டதும், தமிழின் 'க'வும் இந்தியின் 'க'வும் ஒரே புள்ளிகளால் எழுதப்பட்டன. அவ்வாண்டே டேராடூனில் நடுவண் பிரெயில் அச்சகம் தொடங்கியது. எழுத்தை ஒருமைப்படுத்தாமல் அச்சகத்திற்குப் பணம் ஒதுக்கியிருந்தால் அப்பணம் சிதறியிருக்கும். மொழித்துறையினர் இந்நிகழ்வை வரிவடிவ வரலாற்றின் பகுதியாக மட்டும் கருதுவது வழக்கம். அது நிதி வரலாற்றின் பகுதியும் ஆகும்.

ஏழாம் அட்டவணையின் ஒன்பதாம் பதிவு

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பங்கிடுகிறது. மாநிலப் பட்டியலின் 9ஆம் பதிவு, ஊனமுற்றோர்க்கும் வேலை செய்ய இயலாதோர்க்கும் துயர்தணிப்பு அளித்தல் என்பதாகும். அடுத்துள்ள 10ஆம் பதிவு இடுகாடும் சுடுகாடும் பற்றியது. இவ்வரிசையில் உள்நோக்கம் எதுவும் இல்லை.  எனினும் ஊனமுற்றோரையும் வேலை செய்ய இயலாதோரையும் ஒரே பதிவில் இணைத்ததும், இருவர்க்கும் உரியது 'துயர்தணிப்பு' என வரையறுத்ததும் பின்விளைவுகள் உடையன.

முதலாவது, இது மாநிலப் பொருள் ஆனமையால் நடுவண் அரசு நேரடியாகப் பள்ளி நடத்தும் வழக்கம் வளரவில்லை. மாநிலங்களோ தம் குறைந்த நிதியில் இதனை இறுதியில் வைத்தன. இடைவெளியை நிரப்பியவை தன்னார்வ அமைப்புகள். 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த நடுவண் சமூகநல வாரியம் இவ்வமைப்புகளுக்கு மானியம் வழங்கியது. பின்னர்ச் சமூகநலத்துறையும் அதே வழியைப் பின்பற்றியது. 2003இல் திருத்தியமைக்கப்பட்ட தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டமும், அமைப்பின் செலவில் 90 விழுக்காடு வரை மானியம் தருவதே. பெயர்கள் மாறினும் 1854ஆம் ஆண்டின் முறையே தொடர்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

இம்முறையின் நன்மையை மறைத்தல் கூடாது. அரசு செல்லாத இடங்களில் தன்னார்வ அமைப்புகள் சென்றன. கற்பிக்கும் முறைகளையும் கருவிகளையும் உருவாக்கியவை பெரும்பாலும் அவையே. ஆனால் மானியம், அமைப்பு இருக்கும் இடத்திற்குச் சென்றதேயன்றிக் குழந்தை இருக்கும் இடத்திற்குச் செல்லவில்லை. விண்ணப்பம் எழுதவும் தணிக்கைக் கணக்குக் காட்டவும் வல்ல அமைப்புகள் நகரங்களிலேயே மிகுதி. சிற்றூரில் பிறந்த செவித்திறனற்ற பெண் குழந்தையின் பெயர் இக்கணக்கின் எந்தப் பக்கத்திலும் வருவதற்கு வழியில்லை.

இரண்டாவது விளைவு இதனினும் நுட்பமானது. துயர்தணிப்பு என்பது கொடுப்பவரின் இயல்வுக்கு உட்பட்டது, உரிமை அவ்வாறானதன்று. 1995இல் நாடாளுமன்றம் இப்பொருளில் சட்டம் இயற்ற முற்பட்டபோது மாநிலப் பட்டியலின் தடையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1992 திசம்பரில் பெய்சிங்கில் கூடிய ஆசிய பசிபிக் நாடுகளின் மாநாட்டில் ஏற்ற அறிவிப்பைக் காட்டி, பன்னாட்டு உடன்பாடுகளை நிறைவேற்ற இடந்தரும் 253ஆம் உறுப்பின் வழியாகவே அச்சட்டம் இயற்றப்பட்டது.

ஐம்பது ரூபாய்

பள்ளிக்கு மானியம் என்பதிலிருந்து குழந்தைக்கு உதவித்தொகை என்பதற்கு நிதிமுறை மாறத் தொடங்கியதை 1974ஆம் ஆண்டிற் காணலாம். கோத்தாரி கல்விக் குழு தன் 1966ஆம் ஆண்டு அறிக்கையில், 1986க்குள் பார்வையற்ற, செவித்திறனற்ற, உடலியக்கக் குறையுடைய குழந்தைகளுள் 15 விழுக்காட்டினர்க்கும், அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுள் 5 விழுக்காட்டினர்க்கும் கல்வி கிட்டச் செய்வதே எட்டக்கூடிய இலக்கு என்றது. அதாவது இருபதாண்டுகளுக்குப் பின்னும் பெரும்பான்மையினர் பள்ளிக்கு வெளியே நிற்பதை ஏற்றுக்கொண்ட இலக்கு அது. 14 வயது வரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 45ஆம் உறுப்பு கூறிய 'அனைவர்' என்னும் சொல்லுக்குள் இக்குழந்தைகள் அடங்கவில்லை போலும்.

தனிப்பள்ளிகளால் இவ்விலக்கைக்கூட எட்ட இயலாது என்பதை உணர்ந்தே, பொதுப்பள்ளியில் இக்குழந்தைகளைச் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 1974இல் தொடங்கப்பட்டது. திட்டம் கல்வித் துறையிடம் அன்று, சமூகநலத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளிகள் ஒரு துறையிடமும் பணம் மற்றொரு துறையிடமும் இருந்தன. 1979–80 வரையில் நாடு முழுமையிலும் 81 பள்ளிகளைச் சேர்ந்த 1,881 குழந்தைகளே பயன்பெற்றனர். பயிற்சி பெற்ற ஆசிரியர் இன்மை, கருவிகள் இன்மை, துறைகளுக்கிடையே தொடர்பின்மை ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. 1982இல் திட்டம் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் பயன்பெற்றோர் தொகை 1,33,000ஐயும், பள்ளிகள் தொகை 41,000ஐயும் கடந்தன. வளர்ச்சி பெரிதுதான். எனினும் ஒரு பள்ளிக்கு மூவர் அல்லது நால்வர் என்னும் இக்கணக்கு, சிறப்பாசிரியர் ஒருவரைப் பல பள்ளிகளுக்குப் பங்கிட வேண்டிய நிலையையும் காட்டுகிறது.

1992இல் திருத்தப்பட்ட இத்திட்டத்தின் விதிகள் நிதி வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கன. நூலுக்கும் எழுதுபொருளுக்கும் ஆண்டுக்கு 400 ரூபாய்; சீருடைக்கு ஆண்டுக்கு 200 ரூபாய்; போக்குவரத்துக்குத் திங்களுக்கு 50 ரூபாய்; ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பார்வையற்ற மாணவர்க்குப் பாடம் படித்துக் காட்டுவோர்க்காகத் திங்களுக்கு 50 ரூபாய்; கால்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தையை அழைத்துச் செல்லும் துணையாளர்க்குத் திங்களுக்கு 75 ரூபாய்; கருவிகளுக்கு ஐந்தாண்டுகளுக்கு 2,000 ரூபாய் வரை. இவ்விதிகளை எழுதியோர் குழந்தையின் ஒருநாளை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பள்ளிக்குத் தூக்கிச் செல்ல ஒருவர் வேண்டும், நூலைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும் என்பனவெல்லாம் அலுவலகத்தில் மட்டும் அமர்ந்திருந்தோர்க்குத் தோன்றுவன அல்ல. தேவையைச் சரியாகக் கண்டறிந்த விதி, அதன் விலையைத்தான் தவறவிட்டது. திங்களுக்கு 22 பள்ளி நாள்கள் எனக் கொண்டால், போக வர இரு வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம் கிடைக்கும். படித்துக் காட்டுவோர்க்கும் அதுவே. விலைவாசிக்கேற்ப இத்தொகை தானே உயர்வதற்கான ஏற்பாடு எதுவும் விதியில் இல்லை. அகவிலைப்படியை ஆண்டுக்கு இருமுறை திருத்திக்கொள்ளும் ஓர் அரசமைப்பில் இதனைத் தற்செயலான மறதி என்று கொள்ளுதல் அரிது.

2001இல் தொடங்கிய அனைவர்க்கும் கல்வித் திட்டம் கணக்கினை எளிமையாக்கியது. சிறப்புத் தேவையுடைய குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்பது அதன் அளவு. பின்னர் 3,000 ஆயிற்று. மேனிலை வகுப்புகளுக்கென 2009இல் வந்த உள்ளடங்கிய கல்வித் திட்டமும் 3,000 ரூபாய் வழங்கியது. பெண் குழந்தைகளுக்குத் திங்களுக்கு 200 ரூபாய் கூடுதலாகத் தந்தது. 2018இல் இரண்டும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இணைந்தபோது தொகை 3,500 என்றாயிற்று.

தலைக்கு இவ்வளவு என்னும் இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. இலேசாகக் கால் ஊன்றி நடக்கும் குழந்தைக்கும், பார்வையும் செவியும் ஒருங்கே இழந்த குழந்தைக்கும் கணக்கில் ஒரே தொகை. மாவட்ட அளவில் தொகையைச் சேர்த்துத் தேவைக்கேற்பப் பங்கிடலாம் என்பது உண்மை. ஆனால் அடையாள முகாமில் பதிவானோர் எண்ணிக்கையைப் பெருக்கினால் நிதி பெருகும் என்னும்போது, எளிதில் சேர்க்கக்கூடிய குழந்தைகளே முதலில் சேர்க்கப்படுவர். கல்வி உரிமைச் சட்டத்திற்கு 2012இல் வந்த திருத்தம், கடும் குறையுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையையும் அளித்தது. வீட்டிற்கு வரும் ஆசிரியரின் நேரமும் பயணமும் 3,500க்குள் எத்தனை முறை அடங்கும் என்பதைக் கணக்கிட்டால், உரிமை எவ்விடத்தில் சலுகையாகச் சுருங்குகிறது என்பது புலனாகும்.

வேலை: நாற்காலி பின்னுதல் முதல் ஆட்சிப்பணி வரை

வேலைவாய்ப்புக்கான அரசு முயற்சி நெடுங்காலம் கைத்தொழிற் பயிற்சியாகவே இருந்தது. பிரம்பு நாற்காலி பின்னுதல், நெசவு, மெழுகுவத்தி செய்தல் ஆகியன பயிற்றுவிக்கப்பட்டன. வேலை தேடித்தரும் முயற்சிகளுள் முந்தியது 1954இல் சென்னையில் பார்வையற்றோர்க்கென அமைந்த அலுவலகம். 1959இல் பம்பாயில் ஊனமுற்றோர்க்கான முதல் தனி வேலைவாய்ப்பகம் திறக்கப்பட்டது. 1968இலிருந்து தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் தொழிலாளர் அமைச்சகத்தின்கீழ் ஏற்பட்டன. இவை பதிவேட்டை வளர்த்தன; வேலையை அந்த அளவு வளர்க்கவில்லை.

1977 நவம்பரில் நடுவண் அரசு, மூன்றாம், நான்காம் நிலைப் பணியிடங்களில் 3 விழுக்காட்டை ஒதுக்கியது. பார்வையற்றோர், செவித்திறனற்றோர், உடலியக்கக் குறையுடையோர் ஆகியோர்க்குத் தலா 1 விழுக்காடு. இது வரலாற்று முன்னேற்றமே. எனினும் எழுத்தரும் கடைநிலை ஊழியரும் ஆகலாம், அதற்குமேல் ஆகலாகாது என்னும் கோடும் உடன் இடப்பட்டது. பட்டம் பெற்ற பார்வையற்ற இளைஞர்கள் பெருகிய காலம் அது. 1980 மார்ச்சில் தில்லியில் வேலை கேட்டு ஊர்வலம் சென்ற பார்வையற்றோர் மீது காவல்துறை தடியடி நடத்தியது நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பன்னாட்டு ஊனமுற்றோர் ஆண்டு அடுத்து வந்த 1981 என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆட்சிப்பணித் தேர்வைப் பிரெயிலிலோ எழுதுவோர் துணையுடனோ எழுதலாம் என்பதற்கு, 1993இல் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

1995 திசம்பர் 22ஆம் நாள், விவாதம் ஏதுமின்றி நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று நாள்களுக்கு முன் தில்லியில் ஊனமுற்றோர் பேரணி நடத்தியிருந்தனர். 1996 பிப்ரவரி 7இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 26ஆம் பிரிவு, 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்தது. 33ஆம் பிரிவு 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டை எல்லா நிலைகளுக்கும் விரித்தது. இவ்விரு பிரிவுகளிலும் பொருளாதார ஆற்றலின் வரம்பு பேசப்படவில்லை. 41ஆம் பிரிவில் அது பேசப்பட்டது. தனியார் நிறுவனங்களில் 5 விழுக்காட்டினர் ஊனமுற்றோராக இருக்கும் வகையில் அரசு ஊக்கத்தொகை வழங்க வேண்டும், ஆனால் ஆற்றலுக்குட்பட்டு. அச்சட்டம் வந்து 12 ஆண்டுகள் வரை அவ்வூக்கத்தொகை நடுவண் அரசின் திட்டமாக உருப்பெறவில்லை.

அப்பன்னிரண்டு ஆண்டுகள் இந்தியத் தனியார்துறை பெருவளர்ச்சி கண்ட ஆண்டுகள். ஊனமுற்றோர் வேலைவாய்ப்பு மேம்பாட்டுக்கான தேசிய மையம் 1999இல் முதல்நிலை நிறுவனங்களிடையே நடத்திய ஆய்வில், பணியாளருள் ஊனமுற்றோர் பொதுத்துறையில் 0.54 விழுக்காடு, தனியார் துறையில் 0.28 விழுக்காடு, பன்னாட்டு நிறுவனங்களில் 0.05 விழுக்காடு எனத் தெரியவந்தது. உலக வங்கி 2007இல் வெளியிட்ட அறிக்கையோ, உழைக்கும் வயதுடைய ஊனமுற்றோருள் வேலையில் உள்ளோர் 1991இல் 42.7 விழுக்காடாக இருந்து 2002இல் 37.6 விழுக்காடாகக் குறைந்ததைச் சுட்டியது. நாட்டின் பொருளாதார ஆற்றல் வளர்ந்த காலத்திலேயே அவ்வாற்றலின் வரம்புக்குட்பட்டோரின் வேலை சுருங்கியது.

2007ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், ஆண்டுக்கு 1 இலட்சம் வேலைகள் என்னும் இலக்கோடு ஒரு திட்டத்தை அறிவித்தார். திங்கள் ஊதியம் 25,000 ரூபாய் வரையுள்ள ஊனமுற்ற பணியாளர்க்கு வேலையளிப்பவர் செலுத்த வேண்டிய வருங்கால வைப்புநிதி, ஈட்டுறுதித் தொகைகளை முதல் மூன்றாண்டுகளுக்கு அரசே ஏற்கும். பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திற்கென 1,800 கோடி ரூபாய் குறிக்கப்பட்டது. 2008 ஏப்பிரலில் தொடங்கிய இத்திட்டம் இலக்கின் அருகே வரவில்லை. காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாட்டின் உழைப்பாளருள் பெரும்பான்மையினர் வைப்புநிதிக்கு வெளியே உள்ளவர்கள். ஊனமுற்றோருள் அவ்விகிதம் இன்னும் கூடுதல். வைப்புநிதி செலுத்தும் பெருநிறுவனத்திற்கோ, ஊதியத்தின் எட்டில் ஒரு பங்கு அளவான சலுகை, சாய்தளம் இல்லாத கட்டடத்தையும் பேசும் மென்பொருள் இல்லாத கணினியையும் மாற்றத் தூண்டுவதாக இல்லை. தடை எங்கிருந்ததோ அங்குப் பணம் செல்லவில்லை.

தற்தொழிலுக்கான நிதி வேறு வழியிற் சென்றது. 1997 சனவரியில் 400 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்ட பங்கு மூலதனத்துடன் தேசிய ஊனமுற்றோர் நிதி மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. மாநில முகவாண்மைகள் வழியே குறைந்த வட்டிக்குக் கடன் தருவது அதன் பணி. ஈடு காட்டச் சொத்தில்லாதவர் முகவாண்மையின் வாயிலிலேயே நிற்க நேர்ந்தது. இதனினும் பரவலாக மக்கள் கண்ணிற்பட்டது தொலைபேசிக் கூண்டு. 1990களில் தெருமுனைகளில் ஊனமுற்றோர் நடத்திய தொலைபேசி நிலையங்கள் அரசின் முன்னுரிமை ஒதுக்கீட்டால் வந்தவை. அரசுக்குப் பெரிதும் செலவில்லாத இவ்வுதவி பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. கைபேசி வந்தபின் அக்கூண்டுகள் பத்தாண்டுகளுக்குள் மறைந்தன. அதற்கு ஈடாக எதுவும் திட்டமிடப்படவில்லை.

வட்டியின் சில்லறை

அரசு நிதியைப் பற்றிய இவ்வரலாற்றில் அரசு ஒதுக்காமலே வந்த ஒரு நிதியும் உண்டு. வட்டிவரியைக் கடன் பெற்றோரிடமிருந்து தண்டியபோது வங்கிகள் தொகையை மேல்நோக்கி முழுமையாக்கிக் கூடுதலாகப் பெற்றிருந்தன. யாரிடம் எத்தனைக் காசு மிகையாகப் பெற்றனர் என்று பிரித்துத் திருப்பித் தருதல் இயலாது. 2004 ஏப்பிரலில் உச்சநீதிமன்றம், அத்தொகையை ஊனமுற்றோர்க்கான அறக்கட்டளை நிதிக்கு மாற்ற ஆணையிட்டது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரைத் தலைவராக்கியது. அதிலிருந்து மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசிய நிதியத்தோடு இணைத்தது.

மூன்று விழுக்காட்டின் பொருள்

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 விழுக்காடு எதன் 3 விழுக்காடு என்பது 18 ஆண்டுகள் வழக்கிற்குரியதாக இருந்தது. ஊனமுற்றோர்க்கு ஏற்றவை எனக் குறிக்கப்பட்ட பணியிடங்களில் மட்டும் கணக்கிட்டால் போதும் என்பது அரசின் வாதம். ஏற்றவை எவை என்பதைக் குறிப்பதும் அரசே ஆதலால், கதவின் அகலத்தை அரசே முடிவு செய்தது. 2013 அக்டோபர் 8இல் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, பணிப்பிரிவின் மொத்தக் காலியிடங்களைக் கொண்டே 3 விழுக்காட்டைக் கணக்கிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஒட்டி 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 7 வகைக் குறைகள் 21 ஆயின. ஒதுக்கீடு 4 விழுக்காடாயிற்று. உயர்கல்வியில் 5 விழுக்காடு. அறிவுவளர்ச்சி குன்றியோர், புறவுலகச் சிந்தனையற்றோர், மனநோயுற்றோர் ஆகியோர்க்கு முதன்முறையாக அரசுப் பணியில் பங்கு கிடைத்தது. ஆனால் அது பல வகையினரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 55 விழுக்காடு. ஏதேனும் ஒரு வேலையில் உள்ளோர் 36 விழுக்காடு. பெண்களுள் இது 23 விழுக்காடே. அவ்வெண் 7 வகைக் குறைகளை மனத்திற்கொண்ட காலத்தது. 21 வகையினர்க்குமான கணக்கெடுப்பு நிகழாமலே 2023–24 வரவுசெலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு 1,225 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்தாலும் ஒருவர்க்கு ஆண்டுக்கு 460 ரூபாயைத் தொடவில்லை. கல்விக்கும் வேலைக்கும் பிற துறைகள் செய்யும் செலவு இதில் அடங்காது என்பது உண்மையே. அச்செலவில் இவர்களுக்கு உரிய பங்கு எவ்வளவு எனத் தனித்துக் காட்டும் அறிக்கை, மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் நடுவண் வரவுசெலவுத் திட்டத்தோடு வெளியிடப்படுவதுபோல், மாற்றுத்திறனாளிகளுக்கு அவ்வாண்டுத் திட்டத்தில் இல்லை.